துண்டுக்கோடு

நகராட்சி ஆள் நோட்டீஸைக் கீழ்வீட்டின் கிழக்கு அறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். தகரச் சுவர். வெயிலில் பசை காய்ந்து காகிதத்தின் ஓரங்கள் சுருண்டன. கீழ்வீட்டு அக்கா அதைக் கிழிக்காமல் கத்தி முனையால் உரித்து எடுத்துக்கொண்டு நான் குடியிருக்கும் மாடிக்கு வந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நான் படிச்சா பாதிதான் புரியுது. புரிஞ்ச பாதியும் நல்லதா இல்ல."

படித்தேன். பதினேழாம் மனையின் கிழக்கே உள்ள பத்தடி அகலப் பட்டை, மனைப்பிரிவு வரைபடத்தின்படி பொதுத்தெரு. அதில் கட்டியுள்ள அறையைப் பதினைந்து நாளுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் நகராட்சி அகற்றும்.

"தெருவா?" என்றார் அக்கா. "அங்க எங்க தம்பி தெரு? பின்னால முள்ளுக்காடு. நாய்கூட அந்தப் பக்கம் போகாது."

"பின்னால நிலத்தை மனை போடுறாங்க அக்கா. அதுக்கு வழி வேணும்."

"வழிக்கு எங்க சின்னவர் கட்டில்தான் கிடைச்சுதா?"

சின்னவர் என்றது அவருடைய கொழுந்தனை. தெருக்காரர்களுக்கு அவர் பெயர் கம்பம். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கம்பம் என்ற பெயரை அவரே வைத்துக்கொண்டார். "மத்தவன் வைக்கிறதுக்கு முன்னாடி நாமளே வச்சுக்கணும்" என்பார்.

அவருடைய அண்ணன் பூட்டுக்காரர். சந்தையில் ஒரு பெட்டிக்கடை. வீட்டு முன்னறையிலும் சாவிகள், அரங்கள், சாவி வெட்டும் இயந்திரம். உள்ளே ஒரு சின்ன அறை; கணவனும் மனைவியும் ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்பிப் படுக்க வேண்டிய அகலம். அதற்குப் பின் சமையலறை. மாடிக்கு நாங்கள் இருவராகக் குடிவந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

கம்பம் விழுந்த பிறகுதான் வீட்டின் கிழக்கே அந்த அறையைப் போட்டார்கள். அகலம் பட்டை முழுக்கப் பத்தடி, நீளம் ஏழடி. தகரமும் மரமும். சமையலறைச் சுவரை அகலமாக வெட்டிக் கதவு வைத்தார் பூட்டுக்காரர். சக்கர வண்டி அந்த வழியாக வந்து, சமையலறையைக் கடந்து, குளியலறைக்கும் பின்வாசலுக்கும் போகும். யாரையும் கூப்பிடாமல் போகும். அதுதான் முக்கியம்.

மறுநாள் ஞாயிறு. சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் நான்கு பேர் சேர்ந்து உட்கார இடமுள்ள அறை அது ஒன்றுதான். கட்டிலின் விளிம்பில் நானும் பூட்டுக்காரரும். வண்டியில் கம்பம். அக்கா தரையில். ரொட்டி, வதக்கிய வெங்காயம், அவித்த முட்டை. ரொட்டி அக்கா வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் உடைந்து ஒதுக்கியது. தகரக் கூரை காய்ந்து டக் டக் என்று விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா மேலே பார்த்தார்.

"என்கிட்ட அனுமதிக் கடுதாசி இருக்கு," என்றார் பூட்டுக்காரர். "கீழ சாக்கடைக் குழாய் போகுது, அதனால கல்லுத் தளம் போடாதே, பலகை போடு, ஆணி அடிக்காதே, திருகாணி போடுன்னாங்க. குழாய் அடைச்சா பலகையைக் கழட்டி வேலை பார்க்கணுமாம். அப்படியே செஞ்சேன். நூத்தி இருபது திருகாணி."

"நூத்திப் பதினெட்டு," என்றார் கம்பம்.

"நூத்தி இருபதுடா."

"படுத்துக்கிட்டு எனக்கு வேற என்ன வேலை? எண்ணிட்டேன். ரெண்டை நீ முழுங்கிட்டே."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிண்ணே சாப்பிடுறது?"

அக்கா சிரிக்கவில்லை. "அனுமதி கொடுத்தவங்களே இப்ப தெருங்கிறாங்களே. எது நிஜம்?"

"அன்னைக்கு இருந்த படத்துல வேற மாதிரி இருந்துச்சு போல. பழைய படம் நைஞ்சுபோச்சு, போன வருஷம் புதுசா எழுதிட்டாங்களாம். அதுல தெருன்னு இருக்காம்." பூட்டுக்காரர் முட்டையை உரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இடிச்சா இவனை எங்க படுக்க வைக்கிறது? அந்தக் காப்பகத்துல கேட்டா..."

"அங்க மட்டும் வேணாம்," என்றார் கம்பம்.

குரல் மாறியிருந்தது. விழுந்த புதிதில் இரண்டு மாதம் அவர் அங்கே இருந்திருக்கிறார். நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவராகவே சொன்னார்.

"அடிக்கிறதெல்லாம் இல்ல, மாடி. நல்லவங்கதான்." என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான். "கட்டிலைச் சுவரோட ஒட்டிப் போட்டிருப்பாங்க. வண்டி எட்டாது. கூப்பிடணும். வருவாங்க. அஞ்சு நிமிஷத்துல வரலாம், ஒரு மணி நேரத்துல வரலாம். வலி ஒண்ணும் இல்ல. வருவாங்களான்னு கதவையே பார்த்துக்கிட்டுக் கிடக்கிறது இருக்கு பாரு..." ரொட்டியைப் பிய்த்தார். "ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. எனக்கு விடறதுக்குக் காலும் இல்ல. அதனால தெரிஞ்சுக்கிறேன். நீ சர்வேயர் ஆபீஸ்ல படம் போடுறவன்தானே? அந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்னு பார்த்துட்டு வா."

பார்ப்பதாகச் சொன்னேன்.

*

ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது நிலத்துக்காரர் வரைபடத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேலே இரண்டு வரி எழுதியிருக்கும். முழுக்கோட்டால் காட்டிய தெருக்கள் என்றென்றைக்கும் பொதுவுக்கு விடப்பட்டன. விட்டுவிட்டு இழுத்த துண்டுக்கோட்டால் காட்டிய பட்டைகளில் நிலம் மனைக்காரருடையது. அடியில் போகும் குழாய்க்கு மட்டும் பொதுவுக்கு உரிமை. தெருவைத் தனியாக யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வரைந்து கையெழுத்திட்டால் கொடுத்தது கொடுத்ததுதான். நாற்பது வருடம் முள் முளைத்துக் கிடந்தாலும் அது தெருதான்.

திங்கட்கிழமை காலை அலமாரியிலிருந்து புதிய படத்தை எடுத்தேன். பதினேழாம் மனை. கிழக்கே பத்தடிப் பட்டை. இரண்டு பக்கமும் முழுக்கோடு. தெரு.

கீழ் மூலையில், பழைய படத்தைப் பார்த்துப் புதிதாக எழுதியவரின் கையெழுத்து. என்னுடையது.

சாமான் அறையில் பழைய படங்களைத் தகரக் குழாய்களில் போட்டு வைத்திருப்போம். நைந்த துணிப்படத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். பதினேழாம் மனைக்குப் பக்கத்தில் துணி நன்றாகவே இருந்தது. மடிப்பு இல்லை, கறை இல்லை. கோடு தெளிவாகத் தெரிந்தது. துண்டுக்கோடு. எண்ணினேன். இருபத்தாறு துண்டு.

துண்டுக்கோடு போட ஒவ்வொரு துண்டுக்கும் பேனாவைத் தூக்க வேண்டும். நான் தூக்கவில்லை. ஒரு முனையில் வைத்து மறு முனை வரை இழுத்திருக்கிறேன். தேதியைப் பார்த்தேன். என் மனைவியை அடக்கம் செய்து பதினோராம் நாள். அன்று வேலைக்குப் போனது நினைவிருக்கிறது. வரைந்தது நினைவில்லை.

பெரிய சர்வேயர் கதவருகே வந்து நின்றார்.

"அங்க என்னப்பா பண்றே? பின்னால நிலத்துக்காரர் ஆள் அனுப்பியிருக்கார். வியாழக்கிழமை முதல் மனை பத்திரம் ஆகுதாம். அந்தப் படத்துல நாலு நகல் எடு."

"சார்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

துணியைச் சுருட்டிக் குழாயில் போட்டேன். நான்கு நகல் எடுத்தேன். நகல் இயந்திரத்திலிருந்து காகிதம் சூடாக வந்தது.

மாலையில் கீழ்வீட்டைக் கடக்கும்போது சத்தமில்லாமல் படியேறப் பார்த்தேன். "மாடி," என்று குரல் வந்தது. "பார்த்தியா?"

"படம் இன்னும் கைக்கு வரல."

"வரும்போது வரட்டும். என் இடத்தை யாரும் தூக்கிக்கிட்டா போகப் போறாங்க?" கொஞ்சம் நிறுத்தி, "தூக்கிக்கிட்டுத்தான் போகப் போறாங்க," என்று அவரே சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னால் முள் அள்ளும் இயந்திரம் வந்தது. பின்னோக்கி வரும்போதெல்லாம் கீ கீ என்று கத்தியது. நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாடியில் இருந்தேன். மேலிருந்து பார்த்தால் கம்பத்தின் ஜன்னல் தெரியும். சத்தம் நெருங்கும்போது அவர் கை வண்டியின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது. விலகும்போது விட்டது. மறுபடி பிடித்தது. சாப்பாட்டு நேரத்தில் இயந்திரம் நின்ற பிறகும் அந்தக் கை சக்கரத்தை விடவில்லை.

புதன்கிழமை அக்கா கம்பத்தின் துணிகளை ஒரு பையில் அடுக்கினார். பிறகு வெளியே எடுத்தார். சாயங்காலம் மறுபடி அடுக்கினார். "எதுக்கு அண்ணி அதைக் கொல்றீங்க?" என்றார் கம்பம். "சட்டை மூணு. அது தானா பைக்குள்ள நடந்து போயிடும்." பூட்டுக்காரர் அந்த அறையின் ஜன்னலுக்கு ஒரு புதிய கொண்டி போட்டார். இடிக்கப்போகும் அறைக்கு எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எனக்கு வேலை பயம் என்று சொல்லலாம். படத்தில் கையெழுத்திடும் உரிமம் போகும். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அது அல்ல. சொன்னால், அந்தப் பதினோராம் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். யாராவது பாவம் என்பார்கள். அதற்குத்தான் பயந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் நான் மாடியில் இருந்தபோது ஒரு ஆளும் அவர் மனைவியும் பின்னால் அன்று வாங்கிய மனையைப் பார்க்க வந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கையில் என் நகல். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்; மனைவி திருப்பிக் கொடுத்தார். அறையைச் சுற்றி வந்து, ஜன்னலில் கம்பத்தைப் பார்த்துத் தயங்கி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?" என்று கேட்டார்.

கம்பம் வண்டியைத் திருப்பிச் சமையலறைக்குப் போய், செம்பை மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இங்கதான் தெரு வருதுன்னாங்க," என்றார் வேன்காரர், குடித்துவிட்டு. வண்டியைப் பார்த்தார். செம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பெரிய சர்வேயரின் மேஜையில் இரண்டு படங்களையும் விரித்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"எப்ப தெரியும்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை." நாற்காலியில் சாய்ந்தார். "திங்கக்கிழமையே சொல்லியிருந்தா ஒரே ஒரு கடுதாசி. எழுதினவர் கைப்பிழை, துணிப்படத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டதுன்னு போட்டு முடிச்சிருப்பேன். நேத்துப் பத்திரம் ஆயிடுச்சேப்பா. அந்த மூலை மனைக்கு வேற வழி கிடையாது. படத்துல தெரு இருக்குன்னு நம்பி வாங்கியிருக்கான். கோடு தப்பு. நம்பினவன் தப்பா?"

"இல்ல சார்."

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடணும். நீ வெள்ளத்துல நின்னுக்கிட்டு மண்வெட்டி கேக்குறே." துணிப்படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தேய்த்தார். "நான் உன்னை ஒரு மாசம் வீட்டுல இருக்கச் சொல்லியிருக்கணும். அன்னைக்கு நீ வந்து உட்கார்ந்தே, நானும் வேலையைக் கொடுத்தேன். சரி. எழுதிக் கொடு. இந்த மாசத்தோட போதும்."

*

அன்று மாலை மழை பிடித்தது. கம்பத்தின் அறையில் மூவரும் இருந்தார்கள். கூரைச் சத்தத்தில் நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை பூட்டுக்காரருக்குக் கேட்கவில்லை.

"படத்துல தெருன்னு போட்டது நான்தான். தப்பா போட்டேன். அங்க தெரு கிடையாது."

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "அப்ப இடிக்க மாட்டாங்க?" முகம் மலர்ந்தது. "நல்லதுதானே தம்பி, தப்புன்னு சொல்லிட்டா..."

"திங்கக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. சொல்லல. நேத்து பின்னால ஒரு மனை வித்துட்டாங்க. இப்ப அவருக்கும் வழி விடணும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் புதன்கிழமை துணி அடுக்கும்போது நீங்க படியில நின்னுக்கிட்டிருந்தீங்க," என்றார்.

"ஆமா அக்கா."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

பூட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நான் மாடியைக் காலி பண்ணிடுறேன்," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் மேல வந்துட்டா, இவரு உள் அறையில..."

"உள் அறையில கட்டில் நுழைஞ்சா வண்டி நுழையாது. வண்டி நுழைஞ்சா நான் நுழைய மாட்டேன்," என்றார் கம்பம். "இல்ல, நான் மாடிக்கு ஏறவா? ஏறுறது எனக்குப் பழக்கம். இறங்குறதுதான் சரியா வராது."

சிரித்தது அவர் மட்டும்தான். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

விசாரணை அடுத்த வாரம். நகராட்சியில் நீளமான ஒரு நடைகூடம். பெஞ்சின் ஒரு முனையில் பூட்டுக்காரரும் நானும். மறு முனையில் வேன்காரரும் அவர் மனைவியும். உள்ளே அதிகாரி துணிப்படத்தைப் பார்த்தார், என் கடிதத்தைப் படித்தார். பட்டை தெரு அல்ல என்று ஒப்புக்கொண்டார். விற்காத மனைகளுக்கு மேற்கே வேறு வழி வைத்துக்கொள்ளும்படி நிலத்துக்காரருக்கு எழுதினார். விற்ற மனைக்கு என்ன செய்வது என்று பேனாவைத் தட்டினார்.

வேன்காரர் எழுந்தார். "எனக்குத் தெரு வேணாம் சார். வேனை ரோட்டுலயே நிறுத்திக்கிறேன். ஆனா நடந்து போகணுமே சார். வீட்டுக்குப் பறந்தா போறது?" பூட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க தம்பி கையால தண்ணி குடிச்சேன். எனக்கும் மனசு கேக்கல," என்றார்.

அதிகாரி நான்கு அடி என்று எழுதினார். கிழக்கு ஓரமாக நான்கு அடி நடைபாதை. மிச்சம் ஆறு அடி பூட்டுக்காரருக்கு, குழாய்க்கு உட்பட்டு.

வெளியே வந்ததும் பூட்டுக்காரர் விரலை மடக்கினார். "கட்டில் மூணு. மிச்சம் மூணு." அங்கேயே நின்றார். கதவு வீட்டுப் பக்கச் சுவரில். கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறி, கதவுக்குத் திரும்ப ஐந்தடி வேண்டும்.

*

நடைபாதைக்குக் கோடு போடும் வேலையைப் பெரிய சர்வேயர் என்னிடமே கொடுத்தார். கடைசி வேலை.

நீலப் பொடி தடவிய நூல். ஒரு முனையை ஒருவர் பிடிக்க வேண்டும். பூட்டுக்காரர் சந்தையில். அக்கா வாசலில் நின்றார், கையை நீட்டவில்லை.

"கொண்டா," என்றார் கம்பம். வண்டியை உருட்டிச் சுவரோரம் போய், குனிந்து, நூல் முனையைப் பலகையில் கட்டை விரலால் அழுத்தினார். மின்கம்பத்தில் ஏறியவரின் விரல். அசையவில்லை. நான் மறு முனையில் நாடாவைப் பிடித்து அளந்தேன்.

"நாலு நாள் வாயைத் திறக்கல, இல்ல?"

"ஆமா."

"நாலு அடி போச்சு." நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாளுக்கு ஒரு அடி. பரவாயில்ல மாடி, பத்து நாள் கழிச்சுச் சொல்லியிருந்தா நான் காப்பகத்துல இருந்திருப்பேன்."

"பிடிச்சுக்கோங்க," என்றேன். நூலைத் தூக்கி விட்டேன். பலகைகளின் குறுக்கே நீலமாக ஒரே கோடு விழுந்தது. வண்டியின் சக்கரத்திலும் கொஞ்சம் பட்டது.

பூட்டுக்காரர் தகரத்தைக் கழற்றி அந்தக் கோட்டில் புதிய சுவர் வைத்து, கட்டிலை அதில் கீல் போட்டு மாட்டினார். பகலில் கட்டிலைத் தூக்கிச் சுவரோடு வைத்துத் தாழ் போட்டால் வண்டி தாராளமாகத் திரும்பும். தூங்கும்போது இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் மிச்ச மூன்றடியில் வண்டி திரும்பாது, அதற்குச் சமையலறையில்தான் இடம். கட்டிலில் இருப்பவரால் அதைத் தொட முடியாது. மறுநாள் யாராவது வந்து அவரைத் தூக்கி வண்டியில் வைத்து, கட்டிலை மேலே ஏற்ற வேண்டும். தாழ் நல்ல தாழ். பூட்டுக்காரர் அதை மூன்று முறை கழற்றி மறுபடி செய்தார். போட்டால் சத்தமே வராது.

அக்கா விடியற்காலை நாலரைக்குத் தொழிற்சாலைக்குக் கிளம்புகிறவர். பூட்டுக்காரர் ஐந்தரைக்குச் சந்தை. அந்த இருட்டில் கம்பத்தை எழுப்ப இருவருக்கும் மனமில்லை. அக்கா ஒரு நாள் படி ஏறி வந்து, பாதியில் நின்று, "ஆறு மணிக்கு நீங்க இறங்கி வந்து தூக்கி விடணும்," என்றார். கேட்கவில்லை, சொன்னார். நான் சரி என்றேன்.

எனக்கு இப்போது ஒரு அச்சகத்தில் வேலை. பத்து மணிக்குப் போனால் போதும். ஆனாலும் ஐந்துக்கே விழித்துவிடுகிறேன். சில நாள் அதற்கும் முன்னால். கடிகாரத்தைத் தலைமாட்டில் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

நடைபாதையில் வேன்காரர் ஐந்தே முக்காலுக்குப் போவார். தகரத்துக்கு அந்தப் பக்கம், கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில். முதலில் அவர் செருப்புச் சத்தம் வரும், பெரிதாகி, குறைந்து, போய்விடும். கம்பத்துக்கு அது வேன்காரருடையது என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அது நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருப்பதாக என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. அவரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆறு மணிக்குச் சமையலறைக் கதவைத் தள்ளுவேன்.

"யாரு?"

"நான்தான்."

எந்த நாளில் திறந்தாலும் அவர் விழித்திருப்பார். கண் கதவின் மேல் இருக்கும்.